எதை அழுத்தினாலும் மணி

மார்லிஸ் ஹௌகன் அதிகம் பேசமாட்டார். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இதை ஒரு குணமென்று யாரும் சொல்லமாட்டார்கள். பாதி ஊர் அப்படித்தான். ஆனால் ஹாட்டிஷைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், அன்று சமையலறையில் பாத்திரங்கள் பேசும்.

ஹாட்டிஷ் என்பது இங்கே சாப்பாடு. அரைத்த இறைச்சி, பட்டாணி, சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டை என்று கையில் கிடைத்ததை ஒரு செவ்வகத் தட்டில் அடுக்கி அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். மார்லிஸ் தன் லைப்ரரிக்கு அந்தப் பெயரை வைத்தார். லைப்ரரி என்றால் புத்தகம் இரவல் தரும் இடமல்ல. மற்ற நிரலாளர்கள் எடுத்துத் தங்கள் நிரலில் பொருத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளையும் கோடுகளையும் வைத்துக் கட்டம், பட்டியல், பொத்தான் எல்லாம் வரையும். படம் கிடையாது, மவுஸ் தேவையில்லை. அம்புக்குறி விசையும் என்டர் விசையும் இருந்தால் வேலை நடக்கும்.

அது பிறந்த கதை எளிது. ஃபார்கோ நகரின் ஓரத்தில் டிராக்டர் உதிரிபாகக் கிடங்கு ஒன்று இருக்கிறது. கணினி சம்பந்தமாக அங்கே எது நின்றாலும் மார்லிஸைத்தான் கூப்பிடுவார்கள். ஜனவரியில் பெரிய கதவுகள் திறந்தே கிடக்கும். உள்ளே வேலை செய்கிறவர்கள் கரடிக்கை போன்ற உறைகளைக் கழற்றமாட்டார்கள். அந்தக் கையால் மவுஸைப் பிடித்தால் மவுஸ்தான் சாகும். அவர்களுக்காக எழுதிய திரைகளில் பொதுவாக இருந்ததையெல்லாம் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு வேண்டாம் என்று இணையத்தில் வைத்தார். எடுத்துக்கொண்டார்கள். யார், எங்கே, எதற்கு என்று அவருக்குத் தெரியாது. இந்த வேலையில் நன்றி சொல்ல வருகிறவர் வாசலில் தயங்கி நிற்பார். குறை சொல்ல வருகிறவர் பனிக்காலணியைக் கூடக் கழற்றாமல் நேரே கூடத்துக்கு வந்துவிடுவார்.

"இன்னைக்கு உன் தட்டுல யாரு கை வெச்சா?" என்று கணவர் ஆர்விட் தினமும் மாலையில் கேட்பார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு எதற்கும் கலங்காத மனிதர்.

"ஜெர்மனியில ஒருத்தன். கட்டத்தோட மூலை கூர்மையா இருக்காம். உருண்டையா வேணுமாம்."

"காசு குடுத்தானா?"

"நீ சூப்பைக் குடி."

சென்ற வசந்தத்தில் ஒருவன் பொழுது போகாமல் இப்படிப்பட்ட லைப்ரரிகளையெல்லாம் ஓட்டப் பந்தயம் விட்டு, யார் திரையை எவ்வளவு வேகமாக வரைகிறார்கள் என்று வரிசைப்படுத்தி வெளியிட்டான். ஹாட்டிஷ் கடைசிக்கு முந்தி நின்றது. கீழே ஒருவர், "ஆறிப்போன ஹாட்டிஷ்" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் மார்லிஸுக்குச் சுருக்கென்று தைத்தது. உதிரிபாகக் கிடங்கில் அந்த வேகமே அதிகம், யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எங்கே வெட்டலாம் என்று தன் நிரலைத் தானே துழாவத் தொடங்கினார்.

ஒரு வரி கிடைத்தது. திரையை ஒவ்வொரு முறை வரைந்து முடித்ததும், எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கர்சரைக் கொண்டுபோய்த் தேர்ந்தெடுத்த வரியின் தொடக்கத்தில் நிறுத்தச் சொல்லும் வரி. ஆனால் ஹாட்டிஷில் கர்சர் மறைந்தேதான் இருக்கும்; தேர்ந்தெடுத்த வரி நிறம் மாறிப் பளிச்சென்று தெரியும். மறைந்து கிடப்பதை எதற்காக இழுத்துக்கொண்டு அலைய வேண்டும்? அதற்காகவே ஒவ்வொரு முறையும் திரை ஒரு நொடித்துணுக்குக் காத்து நின்றது. ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. எழுதியவர் யாரென்று பார்த்தால் அவரேதான். எதற்கு எழுதினோம் என்று நினைவில்லை. நீக்கினார்.

தன் திருத்தத்தைத் தானே வெளியிடக் கூடாது, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது ஹாட்டிஷின் விதி. விதி போட்டவரும் மார்லிஸ்தான். ஒப்புதல் தருகிறவர் டோரியன், வான்கூவரில் இருக்கும் கெட்டிக்காரர். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. "செத்த நிரல். எடுத்துப் புதைங்க" என்று எழுதி உடனே ஒப்புதல் தந்தார். ஹாட்டிஷ் பட்டியலில் மேலே ஏறியது. அன்று ஆர்விடுக்கு ருபார்ப் கேக் கிடைத்தது.

கோதுமை பழுக்கும் சமயத்தில் அந்தப் புகார் வந்தது. தலைப்பு: எதை அழுத்தினாலும் மணி சொல்கிறது. எழுதியவர் பெயர் வெர்லின். அதற்குக் கீழே சில வாக்கியங்கள்தான்: "புது வெளியீடு போட்டதிலிருந்து எந்த விசையை அழுத்தினாலும் மணியைத் தவிர ஒன்னும் வர மாட்டேங்குது. அறுவடைக்கு முன்னாடி சரியாகலேன்னா என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க. பழையபடி வெச்சுக்குடுங்க."

மார்லிஸ் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார். கீழ் விசையை அழுத்தினால் கீழே போனது. மேல் விசைக்கு மேலே வந்தது. திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கடிகாரம் ஓடியது. அது அங்கே ஓட வேண்டியதுதான். இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் எழுதும் பதிலையே அவரும் எழுதினார்: "என் கணினியில் இந்தக் குறை வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்."

வெர்லின் அனுப்பினார். படத்தில் அழகான கட்டம், விவசாயிகளின் பெயர்ப் பட்டியல், நிறம் மாறிய வரி, மூலையில் மணி. எல்லாமே சரி.

டோரியன் கீழே எழுதினார்: "படம் பளிங்கு மாதிரி இருக்கே! ஒரு நல்ல கண் டாக்டரைப் பாருங்க சார்."

மார்லிஸ் அதற்குச் சிரிப்புப் பொம்மை ஒன்றை ஒட்டிப் புகாரை மூடினார். மூடிவிட்டு உறைகளை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போனார்.

மறுநாள் வெர்லினின் பதில் இருந்தது: "பாத்தேன் சார். சின்னப் பையனா இருக்கும்போதே அவரு கைய விரிச்சுட்டாரு. அப்போலேருந்து விரலாலதான் படிக்கிறேன்."

மார்லிஸ் கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து இதைப் படித்தார். காதுமடல் வரை சூடேறியது. பார்வையில்லாத ஒருவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம், அனுப்பியும் வைத்தார், அதற்குப் பிறகு சிரித்தோம். வெட்கத்தில் அவருக்கு அழுகையே வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கி, எழுதியதை அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அந்தப் படத்தையே திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் திரையின் தலைப்பு வரி கண்ணில் பட்டது. ஹோல்மெட் தானியக் கூட்டுறவு. ஹோல்மெட் இதே மாநிலத்தில், மேற்கே காரில் ஒரு காலைநேரத் தூரத்தில் இருக்கிறது.

"சனிக்கிழமை ஹோல்மெட் போறேன்" என்றார் ஆர்விடிடம்.

"அங்க என்ன இருக்கு?"

"நான் சிரிச்ச ஆளு இருக்காரு."

வெறுங்கையோடு போகாதே என்று மட்டும் சொன்னார் ஆர்விட்.

ஹோல்மெட் கூட்டுறவின் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை. லாரி மேடையில் ஏறி நின்றதும், ஓட்டுகிறவர் ஜன்னலில் குனிந்து பெயர் சொல்ல, உள்ளே இருப்பவர் பட்டியலில் அவர் கணக்கைத் தேடி எடையைப் பதிவார். வெர்லின் ஸ்டாய் அந்த ஜன்னலில் உட்கார்ந்து தலை நரைத்தவர். அவருடைய விசைப்பலகைக்கு முன்னால் ஒரு நீளமான பட்டை இருந்தது; அதில் நுண்ணிய ஊசிப்புள்ளிகள் எழுவதும் அமிழ்வதுமாக இருந்தன. கணினித் திரையின் ஒரு வரியை அது பிரெயில் எழுத்தாக விரலுக்குத் தரும்.

"யாரு?" என்றார் வெர்லின்.

"மார்லிஸ். ஹாட்டிஷ்."

"சாப்பாடு கொண்டாந்தீங்களா?"

"இல்ல… கேக் கொண்டாந்திருக்கேன். ஹாட்டிஷ் எழுதினவ நான்."

"அடடே, மணி சொல்ற அம்மாவா! வாங்க வாங்க. இப்ப மணி பத்து நாப்பது. இனிமே யாரும் கேக்கவே வேண்டாம், நானே சொல்லிடுவேன்."

மார்லிஸ் கேக்கை வைத்துவிட்டு நின்றார். "நான் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

"சிரிப்புப் பொம்மையா? அதைப் பட்டை 'சிரிக்கும் முகம்'னு எழுத்துல சொல்லுது. அவ்வளவா உறைக்கல" என்றார் வெர்லின். "உக்காருங்க. வேலையப் பாப்போம்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே, கண்ணு தெரியாதுன்னு."

"சொன்னா எல்லாரும் ஆறுதல் எழுதுவாங்க. எனக்கு வேண்டியது திருத்தம்."

மேலாளர் டுவேன் வாசலில் வந்து நின்றார். தடித்த, நல்ல மனிதர்; தலையில் விதை நிறுவனத்துத் தொப்பி. தர்மசங்கடம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "இவரை அனுப்ப எனக்கு மனசே இல்லம்மா. திங்கக்கிழமை மொத லாரி வந்துடும். வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். ஒவ்வொரு பேருக்கும் இவரு தடவிக்கிட்டிருந்தா ஊரே என்னைத் திட்டும். அதான் என் மச்சினிச்சியை வரச் சொல்லியிருக்கேன்."

"அவளுக்கு ஓட்ஸுக்கும் பார்லிக்கும் வித்தியாசம் தெரியுமாய்யா?" என்றார் வெர்லின்.

"கத்துக்குவா."

"எனக்கு?"

"பின்னாடி சாமான் அறையில ஏதாச்சும்…" என்று இழுத்தார் டுவேன். ஜன்னலைவிட்டு எழுந்தால் வெர்லின் திரும்ப உட்காரப்போவதில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது.

வெர்லின் கீழ் விசையை அழுத்தினார். திரையில் பளிச்சென்ற வரி ஒரு பெயர் இறங்கியது. மார்லிஸ் பட்டையைப் பார்த்தார்; புள்ளிகள் அதற்கேற்ப மாறவில்லை. வெர்லினிடம் கேட்டுக்கொண்டு அதன்மேல் தன் விரலை வைத்தார். அவருக்குப் பிரெயில் தெரியாது. ஆனால் பட்டையின் ஓரத்தில் மட்டும் ஏதோ நொடிக்கு நொடி புரண்டுகொண்டிருந்தது புரிந்தது. கடைசியாக வரையப்படுவது கடிகாரம். கர்சர் அங்கேயே கிடக்கிறது. பட்டை கர்சர் இருக்கும் வரியைத்தான் படிக்கும். அது மறைந்திருக்கிறதா தெரிகிறதா என்பதெல்லாம் பட்டைக்கு ஒரு பொருட்டே அல்ல. கையால் தள்ளி வேறு வரிக்குப் போனாலும் அடுத்த நொடி கடிகாரம் திரும்ப இழுத்துக்கொள்கிறது.

மார்லிஸ் விரலை எடுத்துக்கொண்டார். "அந்த வரியை எடுத்தவ நான்தான்" என்றார்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"வேகத்துக்கு."

"வேகமாச்சா?"

"ஆச்சு."

"எவ்வளவு?"

மார்லிஸ் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "பாக்கிறவங்களுக்குத் தெரியாது. பட்டியல்ல மட்டும் தெரியும்."

வெர்லின் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், "இத்தனை வருஷமும் எனக்காகத்தான் அதை வெச்சிருந்தீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வரியை எதற்கு வைத்தோம் என்பது மார்லிஸுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருந்தது. கிடங்கில் முன்பு சில பழைய திரைகள் இருந்தன. அவற்றில் கர்சரை மறைக்கவே முடியாது. கண்ட இடத்தில் மினுக்கிக்கொண்டு அசிங்கமாகத் தெரிகிறதே என்று தேர்ந்தெடுத்த வரியில் கொண்டுபோய் ஒதுக்கினார். அவ்வளவுதான். யாரையும் நினைத்து வைத்ததல்ல. வெர்லினின் பிழைப்பு அத்தனை வருடமும் ஒரு அசிங்கத்தை மறைத்த ஒட்டின்மேல் நின்றிருக்கிறது. அதை மார்லிஸ் அவரிடம் மறைக்காமல் சொன்னார். "பரவால்ல, நின்னுச்சில்ல" என்றார் அவர்.

வரியைத் திரும்ப எழுத நேரமே ஆகவில்லை. வெர்லினின் சொந்த மடிக்கணினியில் பட்டையை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கீழ் விசை, ஒரு பெயர். மறுபடி கீழ் விசை, அடுத்த பெயர். வெர்லினின் விரல்கள் ஓடிய வேகத்துக்கு மார்லிஸின் கண் ஈடுகொடுக்கவில்லை.

ஆனால் எடைமேடைக் கணினியில் கண்டவர் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். ஹாட்டிஷை வைத்து அந்த எடை நிரலைச் செய்தவரிடம் டுவேன் தொலைபேசியில் பேசினார். ஹாட்டிஷின் முறையான வெளியீடு வந்தால் அன்றே ஏற்றித் தருகிறேன், யாரோ லாப்டாப்பில் கொண்டுவந்ததை ஏற்றமாட்டேன் என்றார் அவர். முறையான வெளியீட்டுக்கு டோரியனின் ஒப்புதல் வேண்டும். மார்லிஸ் வான்கூவருக்குக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

"புரியுது மார்லிஸ், தப்புதான்" என்றார் டோரியன். "ஆனா எல்லாருக்கும் ஏன் திருப்பிப் போடணும்? ஒரு விருப்பத் தேர்வா வைக்கலாம். வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும். இல்லேன்னா மறுபடி பட்டியல்ல அடியில போயிடுவோம்."

"போட்டுக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குறிப்பேட்டுல எழுதுவோம்."

"நம்ம குறிப்பேட்டை நீயே படிச்சதில்ல."

டோரியன் சிரித்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வேகத்துக்காக அவரும் பல வாரங்கள் உழைத்திருந்தார். பந்தயத்தில் மேலே வந்ததை ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வேறு வழியில் பார்ப்போம், அவசரப்பட வேண்டாம், அடுத்த மாதம் நிதானமாகச் செய்யலாம் என்று பேசிக்கொண்டே போனார். மார்லிஸுக்குக் கோபம் வந்தது. வந்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். நின்றுவிட்டது.

வெர்லின் கேக்கை விழுங்கிவிட்டுத் தொலைபேசியின் பக்கம் குனிந்தார்.

"யாரு, கண் டாக்டரா?"

மறுமுனையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"டாக்டர், நான்தான் உங்க பேஷண்ட். திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன். தேதி தள்ளிப் போட முடியாது, கோதுமை ஒத்துக்காது."

"சார்… அன்னைக்கு நான் எழுதினது…" என்றார் டோரியன். "எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னு தெரியும். அதை விடுங்க. அந்த விருப்பத் தேர்வுன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு பட்டியல் திரை வருமில்ல? அதுல எந்த வரியில நிக்கிறேன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்கயும் மணிதானே வரும்?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "ஒப்புதல் போட்டாச்சு. எல்லாருக்குமே" என்றார் டோரியன். "மார்லிஸ், இந்தத் தடவை பக்கத்துல ஏன்னு ஒரு குறிப்பு எழுதுங்க. இல்லேன்னா இன்னொரு வருஷத்துல நானே மறுபடி வெட்டிடுவேன்."

என்ன எழுதுவது? மார்லிஸ் எழுந்து வாசலுக்கு வந்தார். தானியம் ஏற்றும் திருகுக் குழாயின் சுவிட்சில் பூட்டோடு ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. தானியக் குதிருக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, வெளியே இருப்பவன் தெரியாமல் முடுக்கிவிடக் கூடாதென்று மாட்டுகிற அட்டை. அங்கே வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு அவசரமானாலும், அந்த அட்டையைக் கழற்றமாட்டார்கள். உள்ளே போனவர் வெளியே வந்து தானே கழற்றினால்தான் உண்டு. மார்லிஸ் உள்ளே வந்து, அட்டையில் இருந்ததை அப்படியே அந்த வரிக்கு மேலே எழுதினார்: உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதே.

பிறகு வெளியிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புகாரின் கீழே முன்பின் தெரியாத பெயர்கள் வரத் தொடங்கின. மான்ட்ரியலில் ஒரு பெண், என் கருவிதான் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கப் பார்த்தேன் என்று எழுதினார். ஒஹாயோவில் ஒருவர் வெறுமனே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டெக்சாஸிலிருந்து ஒருவர் எழுதியதை மார்லிஸ் பலமுறை படித்தார்: "இப்ப சரியாயிருக்கு. ஆனா நான் அந்த வேலைய விட்டு ரெண்டு மாசமாச்சு. குறை என்கிட்டதான்னு நெனச்சிட்டேன். பரவால்ல." இவர்கள் யாரும் புகார் செய்திருக்கவில்லை. ஓசையில்லாமல் எழுந்து போயிருந்தார்கள். டெக்சாஸ்காரருக்கு மார்லிஸ் மன்னியுங்கள் என்று மட்டும் எழுதினார், அது போதாது என்று தெரிந்தே.

வேகப் பட்டியலில் ஹாட்டிஷ் பழைய இடத்துக்குப் போயிற்று. ஆறிப்போனதென்று மறுபடி யாரோ எழுதினார்கள். அன்று பாத்திரங்கள் சும்மா இருந்தன.

திங்கட்கிழமை முழுவதும் மார்லிஸ் கிடங்கில் வேலையில் இருந்தார். கையில் வேலை ஓடினாலும் மனம் ஹோல்மெட் ஜன்னலில்தான் நின்றது. நண்பகல் வரை செய்தியில்லை. மாலையிலும் இல்லை. மச்சினிச்சியைத்தான் உட்கார வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஆர்விட் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மார்லிஸ் நேரே போய்க் கணினியைத் திறந்தார்.

புகாரின் அடியில் வெர்லின் எழுதியிருந்தார்: "லேட்டா எழுதறதுக்கு மன்னிக்கணும். காலையிலேருந்து ஜன்னலை விட்டு எந்திரிக்க முடியல, லாரி ரோடு வரைக்கும் நின்னுச்சு. மணி என்ன ஆச்சுன்னே தெரியல."